சமாதானத் தொட்டியில் ஒரு பிடி உப்பு

போன வியாழக்கிழமை பக்கத்து ஐயம்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். தம்பியையும் கூட்டி வந்திருந்தார். நடுச்சுவர் விஷயமாக இரண்டு பேருக்கும் நெடுநாளாகப் பேச்சு இல்லையாம். வண்டியில்கூட ஒருவர் முன்பக்கமும் மற்றவர் பின்பக்கமும் பார்த்து உட்கார்ந்துதான் வந்திருக்கிறார்கள்.

எதற்கு வந்தார்கள்? என்னைப் பார்க்கவா? அந்த நினைப்பு எனக்கும் ஒரு விநாடி இருந்தது. இல்லை... என் மீன்களைப் பார்க்க.

“ஐயா எழுதினதைப் படிச்சேன். ஒண்ணையொண்ணு கடிச்சுக்கினு இருந்த ரெண்டு சாதி மீனு, இப்ப ஒரே தொட்டியில ஒத்துமையா இருக்குதுன்னு போட்டிருந்தீங்க. அதை இவனுக்குக் காட்டணும்” என்றார் அண்ணன்.

“எனக்கில்லீங்க. அவருக்குக் காட்டுங்க” என்றார் தம்பி, சுவரைப் பார்த்து.

முகத்தில் கொஞ்சம் மகான் களையை வரவழைத்துக்கொண்டு கூடத்துக்கு அழைத்துப் போனேன். தொட்டியின் மேல் போட்டிருந்த துணியை விலக்கினேன்.

அந்த நேரம் பார்த்துத்தானா அந்த மஞ்சள் மீன் கல்லுக்குப் பின்னாலிருந்து பாய்ந்து வர வேண்டும்? பச்சை மீனின் வாலைக் கவ்வியது. பச்சை திரும்பி ஒரு மோது மோதியது. செடி பிடுங்கிக்கொண்டு மேலே வந்தது. அண்ணன்காரரின் சட்டையெல்லாம் தண்ணீர்.

“இதுக்கா வண்டி கட்டினே?” என்றார் தம்பி. நெடுநாளுக்குப் பிறகு அண்ணனோடு பேசிய முதல் வார்த்தை! திரும்பிப் போகும்போது இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்து சிரித்துக்கொண்டே போனார்கள். சிரித்தது என்னை நினைத்துத்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

வழக்கமாகப் படிப்பவர்களுக்கு முன்கதை தெரியும். மற்றவர்களுக்காக...

சென்னப்பட்டணத்தில் எனக்கு ஒரு நண்பர். அவர் வீட்டில் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கிறார். அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டு நானும் ஒரு தொட்டி செய்துகொண்டேன். அவரே இரண்டு வகை மீன்களில் வகைக்கு ஒன்றைக் குடத்தில் போட்டுக் கொடுத்தார். ஒன்று உள்ளங்கை அகலம், பச்சை உடம்பில் வெள்ளைப் புள்ளிகள். மற்றது சின்னது, நல்ல மஞ்சள், விலாவில் திருஷ்டிப் பொட்டு வைத்தாற்போல ஒரு கறுப்புப் புள்ளி. அதற்குச் செல்லக்காசு என்று பெயராம். பெயரில்தான் செல்லம்.

“ரெண்டும் ஒரே குடும்பத்து மீன்தான். பங்காளிங்க. அதனால ஒத்துப்போகாது” என்று எச்சரித்தார். ரயில் கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார்: “கழிமுகத்து மீன். தண்ணியில கொஞ்சம் உப்புப் போடுங்க.”

தலையை ஆட்டினேன். ஆனால் காஞ்சிபுரம் ஸ்டேஷனில் இறங்கியதும் ஊர்ப் பெருமை தலைக்கேறிவிட்டது. பட்டுக்கே பளபளப்பைக் கொடுக்கிற தண்ணீர் எங்கள் ஊர்த் தண்ணீர். அதிலா உப்பைப் போடுவது? போடவில்லை.

முதல் சில வாரங்கள் தொட்டியில் ஓயாத சண்டை. அதைத்தான் இந்தப் பக்கத்தில் எழுதினேன். எழுதியவன் அதோடு நிறுத்தியிருக்கலாம். ‘என் வீட்டில் இரண்டு போர்க்களங்கள், ஒன்று கூடத்தில், ஒன்று சமையலறையில்’ என்று ஆரம்பித்தேன். என் மனைவி பாக்கியத்துக்கும், கணவரை இழந்தபின் எங்களோடு வந்து இருக்கும் என் அக்காவுக்கும் புளி கரைப்பதிலிருந்து தாளிப்பதுவரை நடக்கும் வழக்குகளை ஒன்றுவிடாமல் எழுதினேன். ‘இதில் மஞ்சள் யார், பச்சை யார் என்று கேட்காதீர்கள், நான் இந்த வீட்டில்தான் சாப்பிட வேண்டும்’ என்று முடித்திருந்தேன். வாசகர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மீன்கள் அடங்கின. மூலைக்கொன்றாக ஒதுங்கி நின்றன. வேடிக்கை என்னவென்றால், சமையலறையும் அடங்கியது. வீட்டில் அப்படியொரு நிசப்தம். காரணம் யார்? வேறு யார், நான்தான்! தினமும் காலையில் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்து இரண்டு மீனுக்கும் ஓரவஞ்சனை இல்லாமல் இரை போடுகிறேனே, அந்தப் புண்ணியம்தான் என்று நம்பினேன். சமாதானம் செய்வது எப்படி என்று அடுத்த பத்தியையும் எழுதிவிட்டேன். அதைப் படித்துத்தான் ஐயம்பேட்டை வண்டி வந்தது.

சட்டை நனைந்தவரை வழியனுப்பிவிட்டு விசாரணையை ஆரம்பித்தேன்.

“பாக்கியம், தொட்டியில எதனா போட்டியா?”

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, “உப்பு” என்றாள்.

“உப்பா? எதுக்கு?”

“அக்காவுக்குச் சுத்திப் போட்டேன்.”

அக்கா இப்போதெல்லாம் சாப்பிட்டதும் தொட்டிக்குப் பக்கத்துப் பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிடுவார். அப்படியே கண்ணயர்ந்துவிடுவார். செவ்வாய், வெள்ளி, ஞாயிறு என்றால் பாக்கியம் சத்தமில்லாமல் பின்னால் நின்று, ஒரு பிடி உப்பைத் தலையைச் சுற்றி, பக்கத்தில் இருக்கும் தண்ணீரில் கரைத்துவிடுவாளாம். பக்கத்தில் இருந்தது என் தொட்டி.

“அக்காவுக்கு இன்னா ஆச்சு?” என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தைரியம் இல்லை.

“தெருவுக்கே தெரியுது, உங்களுக்குத் தெரியலியா? நீங்க எழுதினதை எதிர்வீட்டுப் பொண்ணு படிச்சுக் காட்டிச்சு. அன்னையிலேருந்து அவங்க வாயே தொறக்கறதில்ல. நான் வேணும்னே புளியை அதிகமா கரைச்சுப் பார்த்தேன். ‘உன் இஷ்டம்மா’ன்னுட்டாங்க. சோத்தைக் கொறிச்சிட்டு எழுந்துடறாங்க. ட்ரங்குப் பெட்டியில துணியெல்லாம் அடுக்கி வெச்சாச்சு. ஆரணிக்கு, அவங்க ஓரகத்தி வீட்டுக்குப் போறாங்களாம். எனக்குச் சண்டையெல்லாம் பயமில்லீங்க. இதுதான் பயமா இருக்குது.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மீன்கள் சமாதானமாக இருக்கவில்லை. சண்டை போடத் தெம்பில்லாமல் கிடந்திருக்கின்றன. உப்புத் தண்ணீரில் பிறந்ததை நல்ல தண்ணீரில் வாட்டி வைத்துவிட்டு, அதைப் பார்த்து நான் மெச்சிக்கொண்டிருந்திருக்கிறேன். பாக்கியத்தின் உப்பு கரைந்த பிறகுதான் அவற்றுக்கு உயிர் வந்திருக்கிறது. மீனையாவது விடுங்கள்... என்னை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்கா!

அக்காவிடம் போனேன். கூட்டங்களில் ஒரு மணி நேரம் பேசுகிறவன் நான். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெட்டி கட்டிலுக்கு அடியில் பூட்டித் தயாராக இருந்தது.

“ஞாயித்துக்கெழம காலைல ஆரணிக்கு பஸ் இருக்குதாமே தம்பி. ஏத்திவுட்டுடு” என்றார்.

“எழுதினது தப்புக்கா.”

“நல்லாத்தான் எழுதியிருந்தே. எல்லாரும் சிரிச்சாங்களாமே.”

திட்டியிருந்தால் தேவலை. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மத்தியானம் பாக்கியம் வழக்கம்போல உப்போடு வந்தாள். நான் கதவோரம் நின்றேன். சுற்றி முடித்து, தொட்டியில் போடக் கையை நீட்டினாள். அக்கா கண்ணைத் திறந்துவிட்டார்.

“இன்னாடி பண்றே?”

“சுத்திப் போடறேன்.”

“எனக்கா?”

பாக்கியம் தலையை ஆட்டினாள். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். தொட்டியைப் பார்த்தார், உப்பைப் பார்த்தார், பாக்கியத்தைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. சரி, இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழப்போகிறார்கள் என்று நானும் துண்டை எடுத்துத் தயாரானேன்.

“சுத்திப் போட இவ்ளோ உப்பா வாருவாங்க? நாலு நாள் கொழம்புக்கு ஆவும்! அதுவும் மீனு கெடக்கிற தண்ணியிலயா கொட்டறது? ஒரு வேலைக்கு ஒரு மொறை வேணாம்?”

“நீங்க வாயைத் தொறந்து பேசியிருந்தா நான் ஏன் உப்பை வாரிக்கினு வரப்போறேன்?”

“நான் பேசினாத்தான் உனக்கு ஆவாதே!”

“பேசாம இருந்தா அதைவிட ஆவலியே!”

பேசிக்கொண்டே இரண்டு பேரும் சமையலறைக்குப் போய்விட்டார்கள். சத்தம் தெருக்கோடிவரை கேட்டிருக்கும். கூடத்தில் தனியாக நின்று நான்தான் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தொட்டியில் மஞ்சள் பச்சையைத் துரத்திக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆரணி பஸ் அக்கா இல்லாமல் போனது. ட்ரங்குப் பெட்டி பரண்மேல் ஏறிவிட்டது. யார் ஏற்றினார்கள் என்று நான் கேட்கவில்லை. தொட்டியின் நடுவே ஒரு கண்ணாடிப் பலகையைச் செருகி, நண்பர் சொன்னபடி உப்புப் போட்டு வருகிறேன். பலகைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டும் முறைத்துக்கொண்டு சௌக்கியமாக இருக்கின்றன.

இதை எழுதலாமா என்று இந்தத் தடவை முன்கூட்டியே கேட்டேன். இரண்டு பேரும் ஒரே குரலில் “கூடாது” என்றார்கள். அப்புறம், யார்மேல் தப்பு என்பதைச் சரியாக எழுதுவதானால் எழுதலாம் என்றார்கள். எழுதிவிட்டேன்.

இன்றைக்குக் குழம்பில் ஒரே உப்பு. ஒருவர் போட்டதை நம்பாமல் இன்னொருவரும் போட்டிருக்கிறார். இன்னும் ஒரு கரண்டி ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டேன்.