மாயம்மா மதினியின் மூச்சு

எங்க மதினி மாயம்மா குலவை போட்டா மட்டாஞ்சேரி படகு ஜெட்டி வரைக்கும் கேக்கும். பொய்யில்ல. கல்யாணம், சடங்கு, மாரியம்மனுக்குப் பொங்கல்னு எங்க சனம் கூடுற எடத்துல பொம்பளைக எல்லாரும் குலவை போட்டு, மூச்சு முட்டி நிறுத்திருவோம். மதினி மட்டும் நிறுத்தாது. "போதும் மதினி, ஆத்தா காதப் பொத்திக்கிட்டா"ன்னு நான் சொன்னா, சிரிப்ப அடக்கிக்கிட்டு இன்னும் கொஞ்சம் இழுக்கும். அம்புட்டுக் கொழுப்பு.

எங்கண்ணன் ஒச்சப்பன் பொண்டாட்டி அது. எழுபத்தொண்ணுல உசிலம்பட்டிப் பக்கம் மழை தண்ணி இல்லாமப் போயி, குடும்பமா இந்த மலையாளத்து மட்டாஞ்சேரிக்கு வந்து சேந்தோம். அண்ணன் பஜார் ரோட்டுல மூட்டை தூக்கப் போச்சு. மதினியும் நானும் சுக்குப் பாண்டிகசாலைக்குப் போனோம். சரக்கு கெடக்குற கிட்டங்கிய இங்க அப்படித்தான் சொல்லுவாங்க. சுக்கு வெள்ளையா இருந்தாத்தான் கப்பல் ஏறும்னு சுண்ணாம்புத் தண்ணியில முக்கிக் காயப்போடுவாங்க. காஞ்சதச் சாக்குல போட்டு உருட்டி, ஒட்டியிருக்க பொடியத் தட்டி எடுக்குறது எங்க வேலை. கதவு ஒண்ணு, சன்னல் கெடையாது. சாயங்காலம் வெளிய வந்தா புருவம், முடி எல்லாம் வெளுத்துப்போயி, ஒருத்திய ஒருத்தி பாத்து, "அடி கெழவி"ன்னு கேலி பண்ணிக்குவோம். மூக்குக்குள்ள காந்தும், தொண்டைக்குள்ள காந்தும். அதெல்லாம் ஒரு சீக்குன்னு யார் நெனைச்சா?

எழுபத்தெட்டு வாக்குல மதினிக்கு மூச்சு இழுக்க ஆரம்பிச்சிருச்சு. ஒரு கொடம் தண்ணி தூக்கிட்டு வந்தா சொவத்தப் புடிச்சுக்கிட்டு நிக்கும். ஆனா வேலைக்கு வந்தா மூச்சுக் காட்டாது. எங்க மேஸ்திரி இசக்கிமுத்து இருக்கானே, அவன் மகா பாவி. எங்கூட வேலை பாத்த ஒருத்தி இருமுனான்னு, "சீக்காளிக்கு இங்க எடமில்ல"ன்னு மத்தியானமே வெளிய தள்ளிட்டான். அதப் பாத்ததுலேருந்து எல்லாருக்கும் பயம். இருமல் வந்தாச் சாக்குக்குள்ள மொகத்தப் பொதைச்சுக்குவோம். அதுக்குள்ள கெடக்குறதும் அதே பொடிதான், வேற என்ன!

எழுபத்தொம்போதுல வெங்கிடராமன்னு ஒருத்தர் வந்தாரு. யூனிவர்சிட்டியில பொடிய ஆராயுறவராம். பாலக்காட்டு ஐயரு, தமிழ் பேசுவாரு, அவரு தமிழும் எங்க தமிழும் ஒண்ணுக்கொண்ணு மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்கும். கூடவே அம்மிணின்னு ஒரு டாக்டரம்மா, மலையாளத்துக்காரங்க. மொதலாளிகிட்ட என்ன சொல்லிச் சம்மதிக்க வச்சாங்களோ, எங்கள உக்கார வச்சுப் பேசுனாரு.

"யூனிவர்சிட்டி புதுசா ஒரு பணம் ஒதுக்கியிருக்காக்கும். டாக்டர் தனியாக் கேட்டாக் கிடையாது. நான் தனியாக் கேட்டாலும் கிடையாது. சீக்கு பாக்கறவாளும் பொடியை ஆராயறவாளும் சேர்ந்து ஒரே காரியமாப் பண்ணினாத்தான் தருவா. இப்போ ஒரு வருஷத்துக்குத் தந்திருக்கா. இந்தப் பொடி உங்க நெஞ்சைக் கெடுக்கறதுன்னு தெளிஞ்சா, அப்பறம் மூணு வருஷத்துக்குப் பெரிசாத் தருவா. அதுல உங்களுக்கெல்லாம் மருந்து உண்டு. இங்கே பொடியை வெளியே இழுத்துத் தள்ற ஃபேன் உண்டு."

மருந்துன்னதும் யாரும் அசையல. பேனுன்னதும் மதினி நிமுந்துச்சு. "அது எம்புட்டுப் பெருசு இருக்கும் சாரே?" அவரு ரெண்டு கையையும் விரிச்சுக் காமிச்சாரு. வீட்டுக்கு வர்ற வழி பூரா மதினிக்கு அந்தப் பேச்சுத்தான். எந்தச் சொவத்துல வைப்பாக, சத்தம் வருமா, மழை பெஞ்சா உள்ள தண்ணி அடிக்குமான்னு என்னயக் கேட்டுச்சு. நான் என்ன பேனு கண்டேன்!

மெஷினுல ஊதிக் காட்டணும்னு சொல்லியிருந்தாங்க. ஊதுனா ஊசி மேல ஏறும், அத வச்சு நெஞ்சு எப்படி இருக்குன்னு கண்டுபுடிச்சிருவாங்களாம். ஊதுற அன்னைக்கு இசக்கிமுத்து பக்கத்துலயே நிப்பான்னு தெரிஞ்சு போச்சு. அம்புட்டுத்தான், எங்களுக்குக் கொலை நடுங்கிருச்சு. மெல்ல ஊதுனவள மறுநாளே கழிச்சுக் கட்டிருவானே! மதினிதான் வழி சொல்லுச்சு. ஊதுறதுக்கு முன்னால மாரியம்மன் பொங்கலுக்கு வேலை இல்லாத நாளு வருது, அன்னைக்கு எல்லாரும் கடலோரமாப் போயி நல்ல காத்து வாங்குங்கடீன்னுச்சு. மருந்துக் கடையில இழுப்பு மாத்திரை வாங்கிட்டு வந்து, ஊதுற அன்னைக்குக் காலையில திருநீறு குடுக்குற மாதிரி ஆளுக்கு ஒண்ணாக் கையில வச்சுச்சு. "முழுங்குங்கடி. நம்ம மானத்தக் காப்பாத்துங்க." எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுது. மூச்சு மட்டும் பூ மாதிரி போச்சு.

டாக்டரம்மா ஒவ்வொருத்தியாக் கேட்டாங்க, இருமல் உண்டோ, மருந்து எதுவும் கழிச்சோன்னு, அதாவது முழுங்குனீங்களான்னு. அத்தனை பேரும், "ஒண்ணும் இல்ல டாக்டரே." மேஸ்திரி நின்னுக்கிட்டுக் கேக்குறான், வேற என்ன சொல்லுறது? மதினி குழாய வாயில வச்சுச்சு. டாக்டரம்மா, "ஊது, ஊது, இனியும் ஊது!"ன்னு கத்துறாங்க. மதினிக்கு அது போட்டியாப் போச்சு. நாங்க கை தட்டுறோம். ஊசி ஏறுது, ஏறுது, ஏறிக்கிட்டே போகுது. இசக்கிமுத்துக்கு வாயெல்லாம் பல்லு. வெங்கிடராமனும் எங்களோட சேந்து கை தட்டுனாரு, பாவம் மனுசன்.

ஆறேழு மாசங் கழிச்சு அவரு மட்டும் வந்தாரு. மொகத்துல ஈயாடல. "உங்களுக்கெல்லாம் நெஞ்சு நன்னா இருக்காம். பொடியால கேடில்லைன்னு கமிட்டி தீர்மானிச்சாச்சு"ன்னாரு. நாங்க பாஸாயிட்டோம்னு ஒரே சிரிப்பு. ஒருத்தி ஓடிப்போயி அவருக்குச் சாயா வாங்கிட்டு வந்தா. மதினிதான் கேட்டுச்சு, "அப்ப பேனு எப்ப சாரே வரும்?"

"ஃபேன் இல்லை மாயம்மா. கேடு இல்லாத எடத்துக்கு எதுக்கு ஃபேன்னு கேக்கறா. பணம் நின்னு போச்சு."

அப்பத்தான் எங்க மரமண்டைக்கு உறைச்சுது. சாயா ஆறிப்போச்சு, அவரு குடிக்காமலே போயிட்டாரு.

அடுத்த மழைக்காலம் மதினிய ஆட்டி வச்சிருச்சு. படுத்தா மூச்சு வராது, உக்காந்தே தூங்கும். மாத்திரை கேக்கல. ஒருநா, "பேச்சி, யூனிவர்சிட்டிக்குப் போவோம். நடந்ததச் சொல்லுவோம். நான் இப்ப ஊதுனா அவுகளுக்கே தெரிஞ்சிரும்"ன்னுச்சு. மேஸ்திரிக்குத் தெரிஞ்சா வேலை போயிருமேன்னேன். "உசுரே போகுதேடி"ன்னுச்சு.

பஸ்ஸு மாறி மாறிப் போயிச் சேந்தோம். அவரு எடம் மாடியில. மதினியால ஏற முடியல, ரெண்டு படி ஏறிட்டு அங்கனயே உக்காந்திருச்சு. நான் போயி வெங்கிடராமனக் கூட்டிட்டு வந்தேன். மதினி ஒண்ணுவிடாம எல்லாத்தையும் சொல்லிருச்சு, கடலோரம், மாத்திரை, மேஸ்திரி, எல்லாம். அவரு அப்படியே படியில உக்காந்துட்டாரு.

"மருந்து கழிச்சோன்னு கேட்டாளே. ஏன் பறயலை?"

"வேலை போயிருமே சாரே. இப்பச் சொல்லிட்டேன்ல? மெஷினக் கொண்டாங்க, ஊதுறேன்."

மெஷின ஆஸ்பத்திரிக்காரங்க திருப்பிக் கொண்டு போயிட்டாங்களாம். மறுபடி பாக்கணும்னு கேட்டா, டாக்டர் பக்கத்துல இது யூனிவர்சிட்டிக் காரியம்ங்கிறாங்களாம். இங்க கேட்டா, நெஞ்சுச் சீக்கு டாக்டர் காரியம்ங்கிறாங்களாம். "பணம் இருந்த வரைக்கும் ரெண்டு பேருக்கும் பொதுவா இருந்தது. இப்போ யாரோடதும் இல்லை"ன்னாரு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, "என்னய்யா பேச்சு இது? இவ நெஞ்சு இங்கதான இருக்கு? ரெண்டு பேரும் வந்து பாத்துட்டுப் போங்கய்யா"ன்னு கத்திட்டேன். மேல இருந்து படிக்கிற புள்ளைக எட்டிப் பாத்துச்சுக.

மதினி திடீர்னு அவரு கையப் புடிச்சிருச்சு. உள்ளங்கைய வாய்க்கு முன்னால நிறுத்தி ஊதுச்சு. கழுத்து நரம்பு பொடைக்க, கண்ணு செவக்க ஊதுச்சு. பக்கத்துல நின்ன எனக்கே காத்து வந்த மாதிரி தெரியல.

"தெரியுதா சாரே?"

"தெரியறது மாயம்மா. போறும்."

"அப்ப எழுதுங்க."

எழுதுறேன்னு சொன்னாரு. எழுதியும் இருப்பாரு, நல்ல மனுசன். ஆனா ஒரு தகவலும் வரல. நாங்க மறுநா காலையில வேலைக்குப் போனோம். வேற எங்க போறது?

எம்பத்திரெண்டு ஆடியில மதினி செத்துப்போச்சு. காரியம் முடிஞ்சு எங்கண்ணன் பாண்டிகசாலைக்குப் போச்சு, நானும் கூடப் போனேன். பத்து வருசத்துக்கு மேல இந்தப் பொடியத் தின்னே செத்திருக்கா, ஏதாச்சும் பாத்துச் செய்யுங்கன்னு கேட்டுச்சு. மொதலாளி அண்ணன் தோள்ல கை வச்சு, ரொம்ப அனுசரணையாப் பேசுனாரு. "ஒச்சப்பா, எனக்கும் வருத்தந்தான். ஆனா பொடியக் குத்தம் சொல்லாத. யூனிவர்சிட்டியில இருந்தே ஆளு வந்து சோதிச்சாங்க. இவ்வளவு பேருல உம் பொண்டாட்டிக்குத்தான் நெஞ்சு நல்ல பலம்னு சொன்னாங்க."

எங்கண்ணனுக்கு மாத்திரை சங்கதி தெரியாது. "அப்படியா சொன்னாக?"ன்னு என்னயத் திரும்பிப் பாத்துச்சு.

"ஆமாண்ணே, சொன்னாக"ன்னேன்.