இரண்டு நாள் கூடுதல் அம்மை

எனக்கு அம்மை போட்டபோது வெள்ளிக்கிழமை ஊற்ற வேண்டிய முதல் தலைத்தண்ணீரை ஞாயிற்றுக்கிழமைதான் ஊற்றினார்கள். அந்த இரண்டு நாளும் நானாகச் சேர்த்துக்கொண்டது. வீட்டில் யாருக்கும் ரொம்ப நாள் அது தெரியாது.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். திண்டுக்கல்லில் ஒரு பிரியாணிக் கடைக்குச் சின்ன வெங்காயமும் பூண்டும் உரித்துக் கொடுக்கிறேன். விடிந்ததும் மூட்டை வந்து இறங்கும், பத்து மணிக்குள் முடிக்க வேண்டும். அப்புறம் வீட்டு வேலை. உட்கார்ந்தால் கூட கை எதையாவது உரித்துக்கொண்டோ ஆய்ந்துகொண்டோதான் இருக்கும். சுபாவத்தில் பயந்தவள். அடுப்பை அணைத்தேனா என்று தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வருவேன். பிள்ளைகள் வருகிற வேன் பத்து நிமிஷம் பிந்தினால் தெருவில் இறங்கி நின்றுவிடுவேன். வீட்டுக்காரர் காய்கறி ஏற்றும் வண்டி ஓட்டுகிறார். ராத்திரி அவர் வண்டிச் சத்தம் கேட்கிறவரை சாமி கும்பிட்டுக்கொண்டே இருப்பேன்.

ஆனி மாதம் பாதியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காய்ச்சலோடு நெஞ்சில் நாலு முத்து கிளம்பியது. மறுநாள் உடம்பு பூராவும். ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரையையும் போட்டேன், வேப்பிலையையும் விடவில்லை. எது கேட்டதோ, யார் கண்டது. பிள்ளைகளை எங்கம்மா வீட்டுக்குச் சின்னாளப்பட்டிக்கு அனுப்பினார்கள். வாசலில் வேப்பங்கொத்து செருகியாயிற்று. வீட்டில் தாளிப்பு கிடையாது, வெளியாள் யாரும் உள்ளே வரமாட்டார்கள், நல்லது கெட்டது எதற்கும் நாங்கள் போகக்கூடாது. எனக்கு மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றி வீட்டைக் கழுவிவிடுகிறவரை அப்படித்தான்.

என்னைப் பார்த்துக்கொண்டது என் நாத்தனார். வீட்டுக்காரரின் தங்கை, முப்பத்திரண்டு வயது, எங்களோடுதான் இருக்கிறாள். என் மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்த ஏழு வருஷமும் இவள்தான் பார்த்தாள். அந்த ஏழு வருஷத்தில் வந்த வரன்கள் எல்லாம் அப்படியே திரும்பிப் போய்விட்டன. இப்போது கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறாள். எனக்காக லீவு போட்டுவிட்டு, நேரத்துக்கு இளநீர், மோர், உப்புக் குறைத்த கஞ்சி என்று கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அரிப்புதான் தாங்க முடியவில்லை. தூக்கத்தில் கை போய்விடும். மூன்றாம் நாள் அவள் என் கையை வெடுக்கென்று பிடித்து எடுத்தாள்.

"சொறியாதீங்க மதினி. தழும்பு விழுந்துச்சுன்னா அப்புறம் எங்கண்ணே என்னயத்தேன் வையும்."

"கை சும்மா இருக்க மாட்டேங்குது தாயி."

"சும்மா இருக்க வேணாம். இந்தாங்க, இதப் புடிங்க."

தன் போனை என் கையில் வைத்தாள். அதில் ஒரு கேம் இருந்தது. கடை அலமாரி மாதிரி தட்டுத் தட்டாக இருக்கும். பன்னு, சோப்பு, பால் பாட்டில், கரடி பொம்மை எல்லாம் கண்டபடி கிடக்கும். ஒரே மாதிரி மூன்றை ஒரு தட்டில் சேர்த்தால் அது மறைந்துபோகும். எல்லாம் மறைந்தால் அடுத்த அலமாரி. அவ்வளவுதான். ஓடவேண்டாம், யாரையும் சுடவேண்டாம், நேரக்கணக்கு கிடையாது. தப்பாக வைத்துவிட்டால் திரும்ப முதலிலிருந்து வைக்கலாம்.

முதலில் பயந்தேன். ஆத்தா உடம்பில் இருக்கும்போது கேம் விளையாடலாமா? போன் சூட்டில் கண்ணுக்குள் முத்துப் போட்டுவிடுமா? ஒரு வேப்பிலையை எடுத்துப் போனின் மேலே மூன்று சுற்று சுற்றிவிட்டு, சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் தொட்டேன். நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "போனுக்கும் மந்திரிச்சாச்சா? இனி சார்ஜே போடவேணாம்" என்றாள்.

நடுவில் விளம்பரம் வரும். அதை மூடுகிற குறி மேலே மூலையில் இருக்கும் என்பது எனக்குத் தெரியாது. கடன் ஆப்பு, முகக் கிரீம், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் மரியாதையாகக் கடைசிவரை பார்த்தேன். அதுவும் நன்றாகத்தான் இருந்தது. யாரோ என்னிடம் பொறுமையாகப் பேசுகிற மாதிரி.

ஒன்றிரண்டு நாளில் அரிப்பை மறந்தேன். அதற்கப்புறம் ஒரு சாயங்காலம், சுவரோரமாகச் சாய்ந்து பன்னையும் சோப்பையும் அடுக்கிக்கொண்டிருந்தபோது திடீரென்று உறைத்தது: அன்றைக்குக் காலையிலிருந்து நான் எதற்கும் பயப்படவில்லை. வண்டி பற்றி நினைக்கவில்லை. பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று அம்மாவுக்கு ஒரு போன் கூடப் போடவில்லை. என் வாழ்நாளில் அப்படி ஒரு பொழுது இருந்ததில்லை. அதை நினைத்து ஒரு பயம் வந்தது. ஆனால் அடுத்த அலமாரி வந்ததும் அந்தப் பயமும் போய்விட்டது.

இதற்கிடையில் அந்தத் திங்கட்கிழமை தரகர் வீட்டுக்காரருக்குப் போன் செய்தார். எரியோட்டில் ஒரு வரன். மில்லில் பிட்டர் வேலை, ஒன்றரை ஏக்கர் முருங்கை, முதல் கல்யாணம்தான். போட்டோ பார்த்துவிட்டு அவர்களுக்குப் பிடித்திருக்கிறது. அடுத்த வாரம் புதன்கிழமை பெண் பார்க்க வருகிறோம் என்கிறார்கள். வியாழக்கிழமை ஆடி பிறக்கிறது, அப்புறம் ஒரு மாதத்துக்கு ஒன்றும் பேச முடியாது.

நாத்தனார் கணக்குப் போட்டுச் சொன்னாள். "வெள்ளிக்கெழம மொதத் தண்ணி, ஞாயித்துக்கெழம ரெண்டாந் தண்ணி, செவ்வாக்கெழம மூணாந் தண்ணி. அன்னைக்கே வீட்டக் கழுவிட்டா புதனுக்குச் சரியா இருக்கும்ணே." எங்கள் வீட்டில் அந்த மூன்று கிழமையில்தான் அம்மைக்குத் தண்ணீர் ஊற்றுவோம். சொல்லிவிட்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரி உள்ளே போனாள். பீரோவிலிருந்து மாம்பழக் கலர் சுங்குடிச் சேலையை எடுத்து, மடிப்பை மாற்றி மடித்து, திரும்ப வைத்தாள். நான் படுத்த இடத்திலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் என் முதுகை விலக்கிப் பார்த்தாள். எல்லாம் கருத்து உதிர்ந்துகொண்டிருந்தது.

"ஆத்தா எறங்கிட்டா மதினி. நாளைக்கு வெயில்ல தண்ணி வச்சிறவா?"

மறுநாள் தண்ணீர் என்றால் போனைக் கொடுத்துவிட வேண்டும். அடுத்தடுத்துப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். வெங்காய மூட்டை வந்துவிடும். பழைய பயங்கள் எல்லாம் வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வரும். என் வாய் தானாகப் பேசியது.

"செத்த பொறு தாயி. உள்ளங்கால்ல புதுசா ஒண்ணு கெளம்புறாப்புல இருக்கு."

உள்ளங்காலில் இருந்தது கொசுக்கடி. அது எனக்குத் தெரியும். அவள் குனிந்து பார்த்தாள். எங்கள் பக்கத்தில் அம்மை கண்டவள் ஒன்று சொன்னால் அதற்கு மறுபேச்சு கிடையாது. அவள் வாயில் ஆத்தா பேசுகிறாள் என்பார்கள். இளநீர் கேட்டால் இளநீர், விளக்கை அணை என்றால் அணைத்துவிட வேண்டும். இன்னும் இறங்கவில்லை என்று நான் சொன்னால் இறங்கவில்லைதான். என் வீட்டுக்காரரே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அப்பன்னா ஞாயித்துக்கெழம பாப்பம்" என்றாள் நாத்தனார். பிறகு போனுக்குச் சார்ஜ் போட்டு என் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனாள்.

புதன்கிழமை எனக்கு மறந்துபோனது என்று சொன்னால் பொய். ரெண்டு நாள்தானே, அவர்களுக்குப் பிடித்திருந்தால் காத்திருக்க மாட்டார்களா என்று நினைத்துக்கொண்டேன். எதற்கெல்லாமோ பயந்து சாகிறவள், பயப்பட வேண்டிய அந்த ஒன்றுக்கு மட்டும் பயப்படவில்லை. வெள்ளியும் சனியும் விளையாடினேன். நன்றாகத்தான் இருந்தது. அதையும் மறைப்பதற்கில்லை.

ஞாயிறு, செவ்வாய், வெள்ளி என்று தண்ணீர் ஊற்றி முடித்தபோது ஆடி பிறந்து ஒரு நாள் ஆகியிருந்தது. எரியோட்டுக்காரர்கள், "அம்மை வீட்டுக்கு வரமுடியாதுல்ல, ஆவணியில வாரோம்" என்று தன்மையாகத்தான் சொன்னார்கள். ஆனால் ஆடியிலும் நல்ல நாள் என்று ஆடிப்பெருக்கு அன்றைக்குச் சொந்தத்திலேயே ஒரு பெண்ணைப் பேசி முடித்துவிட்டார்கள். தரகர் சொல்லித்தான் தெரிந்தது. நாத்தனார் கேட்டுவிட்டு, "சரி, சோறு ஆறுது, சாப்டுங்கண்ணே" என்றாள்.

நான் அந்த மாதம் சரியாகத் தூங்கவில்லை. இருந்தும் சொல்லவில்லை. போன வரன் போனதுதான், சொன்னால் மட்டும் திரும்பியா வரப்போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஐப்பசியில் தரகர் வேடசந்தூர்ப் பக்கம் இன்னொரு வரனோடு வந்தார். அப்போதுதான் நாத்தனார் அண்ணனிடம் சொன்னாள்:

"வேணாம்ணே. என்னயப் பாக்க வரங்குள்ள ஆத்தாளே வந்து குறுக்க உக்காந்துட்டா. எறங்குனவ திரும்ப வந்து ரெண்டு நாளு கூட இருந்துருக்கா. அதுக்கு மேல எப்புடிச் சொல்லுவா? எனக்கு அது இல்லன்னு எழுதியிருக்கு. விட்ருங்க."

வீட்டுக்காரர் எவ்வளவோ பேசிப் பார்த்தார். அவள் அசையவில்லை. அழுதிருந்தால் கூடப் பரவாயில்லை. ரேஷன் கடை இன்றைக்கு லீவு என்பதுபோலச் சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். என் கொசுக்கடி அவளுக்குத் தலையெழுத்தாகிவிட்டது.

மறுநாள் காலையில் நான் பின்வாசலில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். அவள் காபியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, எப்போதும்போல ரெண்டு பூண்டை எடுத்துக்கொண்டாள்.

"தாயி, அந்த உள்ளங்கால் முத்து இருக்குல்ல."

"என்ன, திரும்ப வந்துருக்கா?"

"அது முத்து இல்ல. கொசு கடிச்சது."

அவள் உரிப்பதை நிறுத்தினாள். "அன்னைக்குத் தெரியாமச் சொன்னீங்களா?"

"தெரிஞ்சேதேன் சொன்னேன்."

"எதுக்கு?"

எத்தனையோ நாள் ஒத்திகை பார்த்திருந்தேன். உடம்பு அசதி என்று சொல்லலாம், திரும்பி வந்துவிடுமோ என்று பயம் என்று சொல்லலாம். என்னைத் தெரிந்த யாரும் அதை நம்புவார்கள். "அந்தக் கேம் வெளாடத்தேன்" என்றேன்.

"பன்னு அடுக்குற கேமா?"

"ஆமா."

"அம்புட்டுக்கா?" என்றாள். சத்தம் போட்டுக் கேட்கவில்லை. உண்மையாகவே விளங்காதவள்போலக் கேட்டாள். "எங்கிட்டக் கேட்டுருந்தா போன உங்களுக்கே குடுத்துருப்பேனே மதினி."

"ஆத்தா ஒண்ணும் சொல்லல தாயி. நாந்தேன் சொன்னேன். நீ அத மனசுல வச்சு ஒக்காந்துறாத."

அவள் எழுந்தாள். மடியிலிருந்த பூண்டுத் தோலைத் தட்டிவிட்டாள். "எங்கம்மாவுக்கு ஏழு வருசம் பாத்தேன். ஒரு நாளு கூட அது எங்கிட்டப் பொய் சொல்லல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். காபி அப்படியே ஆறியது.

அதற்கப்புறம் பத்துப் பதினைந்து நாள் என்னோடு பேச்சில்லை. சோறு போட்டால் சாப்பிடுவாள். கடைக்குப் போகும்போது சுவரைப் பார்த்து, "போறேன்" என்பாள். வீட்டுக்காரர் என்னவென்று கேட்டதற்கு, "பொம்பளைங்க சோலி, நீங்க வண்டியப் பாருங்கண்ணே" என்று அடைத்துவிட்டாள். அவரிடம் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கனமாக இருந்தது. நானே அவரிடமும் சொன்னேன். அவர், "நீயா?" என்று மட்டும் கேட்டார்.

கார்த்திகை தொடங்கியபோது ஒரு நாள் நாத்தனாரே அண்ணனிடம் கேட்டாள்: "அந்த வேடசந்தூர்க்காரவுக இன்னும் பாத்துக்கிட்டுதேன் இருக்காகளான்னு தரகர்ட்டக் கேளுங்கண்ணே." நான் அடுப்படியில் நின்றபடி கேட்டேன். கரண்டியைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை.

அவர்கள் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு அவள் மாம்பழக் கலர் சேலையைக் கட்டவில்லை, வேறு ஏதோ பச்சையைக் கட்டினாள். பூ வைத்துவிட என்னைத்தான் கூப்பிட்டாள். கண்ணாடியில் என்னைப் பார்த்தபடியே சொன்னாள்:

"இன்னைக்குக் காய்ச்சக் கீய்ச்சன்னு படுத்துறாதீங்க மதினி. நாளைக்கு வேணா படுங்க."

சிரித்தாளா, குத்தினாளா, எனக்குத் தெரியவில்லை. "மாட்டேன் தாயி" என்று கொண்டை ஊசியைச் செருகினேன். காலையிலிருந்தே எனக்கு மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது, உடம்பும் லேசாகச் சுட்டது. அதை யாரிடமும் சொல்லாமல், வந்தவர்களுக்குக் கேசரி எடுத்து வைக்கப் போனேன்.