ஆயுத பூஜையும் அறுந்த இணைப்புகளும்

தாம்பரத்தில் நான் சேர்ந்த வால்வு கம்பெனியில் தகவல்கள் இரண்டு இடங்களில் குடியிருந்தன. ஒன்று விக்கி. எந்த வேலையை எப்படிச் செய்வது என்று ஊழியர்களே எழுதி வைக்கும் பக்கங்கள் அவை. மற்றொன்று டாக்குமென்ட் சிஸ்டம். வரைபடங்களும் சோதனை முறைகளும் கோப்புகளாக அங்கே இருந்தன. முன்னதிலிருந்து பின்னதற்கு வழி போடுவதுதான் என் வேலை. விக்கியில் ‘கசிவுச் சோதனை’ என்ற சொல்லை அழுத்தினால் அதற்குரிய கோப்பு திறக்க வேண்டும். ஊரப்பாக்கத்தில் என் அம்மா இதைப் பக்கத்து வீட்டாரிடம் “கம்ப்யூட்டர்ல பெரிய வேலை” என்று சொல்லி வைத்திருந்தார். நான் திருத்தவில்லை.

அப்போது எனக்கு ப்ரொபேஷன். ஆயுத பூஜை விடுமுறை முடிந்ததும் எங்கள் வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு ஆள் அனுப்புவார்கள், அதில் இணைப்புகள் சரியாக இருந்தால் வேலை நிரந்தரம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

இணைக்க இரண்டு முறைகள் உண்டு. சிஸ்டம் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் எண் தருகிறது. கோப்பு எங்கே நகர்ந்தாலும் அந்த எண் மாறாது. அதைக் கொண்டு இணைக்கலாம். இல்லையென்றால், கோப்பு இருக்கும் ஃபோல்டர்களின் பெயர்களை வரிசையாகக் கொடுத்து இணைக்கலாம். முதல் முறைதான் நல்லது என்பதற்குக் காரணங்களை எழுதி, முக்கியத்துவப்படி வரிசைப்படுத்தி எடுத்துக்கொண்டு போனேன். மேனேஜர் முதல் காரணத்தோடு நிறுத்திவிட்டார்.

“நம்பரைப் பாத்தா என்னம்மா புரியும்? ஃபோல்டர் பேருன்னா வீட்டு அட்ரஸ் மாதிரி. பாத்தவுடனே தெரியும்.”

“வீடு மாறினா சார்?”

“நாம எங்க மாறப்போறோம்? எங்க குடும்பம் எத்தனை தலைமுறையா சேலையூர்லயே இருக்கு, தெரியுமா?”

பட்டியலை மடித்துப் பையில் வைத்தேன். ஃபோல்டர் பெயர்களைக் கொண்டே எல்லாப் பக்கங்களையும் இணைத்து முடித்தேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எங்கள் கம்பெனியில் உற்பத்தி கிடையாது, துடைப்பதுதான் வேலை. லேத், ட்ரில்லிங் மெஷின், மின்விசிறி, ஜன்னல் கம்பி எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைப்போம். பிரின்டருக்கும் உண்டு. மேனேஜர் நியாயமானவர். மற்றவர்கள் வேலை செய்ய, தான் சும்மா உட்கார அவருக்கு மனம் வராது. அவர் துடைப்பதற்கு எதுவும் மிச்சமில்லை. ஆகவே கதவைச் சாத்திக்கொண்டு டாக்குமென்ட் சிஸ்டத்தைச் சுத்தம் செய்திருக்கிறார். இது எனக்கு அன்று தெரியாது. பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நிம்மதியாக ரயில் ஏறினேன்.

விடுமுறை முடிந்து வந்து ஒரு பக்கத்தைத் திறந்தேன். இணைப்பை அழுத்தினால் ‘கோப்பு இல்லை’ என்றது. அடுத்ததும் அதையே சொன்னது. மறுநாள் காலை ஆடிட்.

பக்கத்து இருக்கையில் இருக்கும் குவாலிட்டி அக்கா எட்டிப் பார்த்தார்.

“என்னடி, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?”

“லிங்க் போச்சுக்கா.”

“எது?”

“எல்லாம்.”

“எவன் பண்ணான்?”

நான் மேனேஜர் அறையைப் பார்த்தேன்.

“போச்சு. பூஜைக்குன்னு சிஸ்டத்தைச் சுத்தம் பண்ணியிருப்பாரு. அவரை ஒண்ணும் கேக்க முடியாது. சாமி காரியம்.”

இருந்தாலும் போய்க் கேட்டேன்.

“சார், ஃபோல்டரெல்லாம் மாத்தினீங்களா?”

“பாத்தியா? நாலே ஃபோல்டர். எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு சார். லிங்க்தான் ஒண்ணுகூட வேலை செய்யல.”

“ஏன்?”

“வீடு மாறிடுச்சு சார்.”

மௌஸை நகர்த்தி ஒரு ஃபோல்டரைத் திறந்து மூடினார். “பழைய மாதிரியே வெச்சுடட்டா?”

“எது எங்க இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?”

“ஞாபகம் எங்கேம்மா இருக்கு?”

“அப்ப நம்பரைப் போட்டுடறேன் சார்.”

“போடு, போடு. நானே சொல்லணும்னு நெனச்சேன்.”

அக்கா கோப்புகளைத் தேடி எண்களைப் படிக்க, நான் பதிந்தேன். நடுநடுவே அவர், “அடுத்த வருஷம் அந்தாளு கையில ஒரு துணியைக் குடுத்து வாசல்ல நிறுத்தணும்” என்றார். மாலைக்குள் எல்லாப் பக்கங்களும் முடிந்தன.

மறுநாள் ஆடிட்டர் ஒரு பக்கத்தைத் திறந்தார், அழுத்தினார், கோப்பு வந்தது. இன்னொன்றும் வந்தது. எழுந்துவிடுவார் என்று நினைத்தேன்.

“ஃபோல்டரை யாராவது மாத்திட்டா என்ன ஆகும்?” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் பதில் சொன்னார்: “ஒண்ணும் ஆகாது சார். போன வாரம் எல்லாத்தையும் மாத்திப் பாத்துட்டோம்.”

“வேணும்னே?”

“ஆமா சார். அது ஒரு டெஸ்ட்.”

அக்கா குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்யத் தொடங்கினார். எனக்குக் குனிய இடமில்லை. ஆடிட்டர் மனம் நெகிழ்ந்துபோனார். ஃபோல்டர்களை மாற்றி இணைப்புகளைச் சோதிப்பது மற்றவர்களும் பின்பற்ற வேண்டிய நல்ல நடைமுறை என்றும், இதை ஆண்டுதோறும் தொடரலாம் என்றும் தன் அறிக்கையில் எழுதிவிட்டுப் போனார்.

என் வேலை நிரந்தரமானது. ஆடிட்டர் எழுதியதை மீற முடியாதாகையால் அந்தச் சோதனையும் என் பொறுப்புகளில் சேர்ந்தது. இப்போதெல்லாம் புரட்டாசி பிறந்ததுமே மேனேஜர் என் மேசைக்கு வந்து, “இந்த வருஷம் எப்படிம்மா கலைக்கலாம்?” என்று கேட்கிறார். நாங்கள் இருவரும் உட்கார்ந்து திட்டம் போடுகிறோம்.