எடைக்கல் சாரும் எங்கள் மூன்றரையும்

எங்கள் குடியிருப்பின் பிக்கிள்பால் கோர்ட்டில் யார் எப்படி ஆடுகிறார்கள் என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை ஒரே ஒருவருக்குத்தான். அதை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார். வேலையில் இருந்த காலமெல்லாம் கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தியவர். ஓய்வு பெற்றால் கை சும்மா இருக்குமா? எங்கள் மேல் குத்த ஆரம்பித்தார். எடைக்கல் என்று பெயர் வைத்தோம்.

ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தை மட்டையால் வலைக்கு அந்தப் பக்கம் தட்டிவிடும் விளையாட்டு இது. வியர்க்க வேண்டும், வம்பு பேச வேண்டும், வீட்டுக்குப் போக வேண்டும். எடைக்கல் வந்து எங்களை இரண்டிலிருந்து ஐந்து வரை தரம் பிரித்தார். மூன்றரையும் அதற்கு மேலும் என்றால் நிழல் விழும் முதல் கோர்ட். கீழே என்றால் குப்பைத் தொட்டிகளை ஒட்டிய இரண்டாவது கோர்ட். நான் பல் டாக்டர். எல்லோரையும் வாயைத் திறக்கச் சொல்கிறவன், எனக்குத் தரம் மூன்று என்று அவர் சொன்னபோது வாயடைத்து நின்றேன்.

சோதனை என்பது அவரோடு தனியாக ஓர் ஆட்டம். வேறு யாரையும் எதிரே நிறுத்த மாட்டார். ஆள் மாறினால் அளவு மாறும் என்பது அவர் கட்சி. "கொஞ்சம் பாத்துப் போடுங்க சார்" என்று வங்கி மேலாளர் குழைந்தார். எடைக்கல்லின் சொந்த மச்சான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "அளவுகோல் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்பதே பதில். அவர் மனைவி மட்டும் சோதனைக்கே வரவில்லை. வீட்டில் படுவது போதாதா என்று கேட்டுவிட்டுத் தரமில்லாமல் இரண்டாவது கோர்ட்டில் ஆடினார்.

இந்த வருடம் மறுசோதனையில் அதிசயம் நடந்தது. எல்லோருக்கும் தரம் ஏறியது. எனக்கு மூன்றரை, வீட்டில் கேக் வெட்டினோம். வங்கி மேலாளருக்கு நான்கு. பந்தைவிட வலையை அதிகம் அடிக்கும் மச்சானுக்கே மூன்றரை. முதல் கோர்ட்டில் நாங்கள் வரிசையில் நின்றோம். இரண்டாவது கோர்ட்டில் அந்த அம்மாளும் ஒரு பூனையும் மட்டும்.

"தரம் பிரிச்சதாலதான் டாக்டர், எல்லாரும் முன்னேறியிருக்கீங்க" என்று பூரித்துப் போனார் எடைக்கல்.

அந்தத் திமிரில் பக்கத்துக் குடியிருப்போடு போட்டி வைத்தோம். துவைத்துக் காயப்போட்டுவிட்டார்கள். என்னை வென்றவர் ஆட்டத்துக்கு நடுவே குழாய் ரிப்பேர்காரரோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் ஜெயித்தது எடைக்கல்லின் மனைவி ஒருவர்தான்.

திரும்பி வந்ததும் எடைக்கல் பெஞ்சில் உட்கார்ந்து முட்டியைத் தடவினார். "அவங்க அளவுகோல்ல கோளாறு."

"கடைக்காரங்க கல்லை எல்லாம் சோதிச்சீங்களே, உங்க ஆபீஸ் கல்லை என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார் மனைவி.

"அதையும் வருசா வருசம் சரிபாப்போம். தேஞ்சுபோகும்ல."

"உங்க முட்டி தேஞ்சுபோச்சுன்னு எலும்பு டாக்டர் போன வருசமே சொன்னாரு. இவங்க யாரும் ஏறலைங்க. நீங்க இறங்கிட்டீங்க."

"அதெல்லாம் இல்லம்மா, சார் முன்னைவிட நல்லாத்தான் ஆடுறார்" என்றார் வங்கி மேலாளர். நான் வேகமாகத் தலையாட்டினேன். எங்கள் மூன்றரைக்கு அந்த முட்டிதான் ஆதாரம்.

எடைக்கல்லும் எங்களோடு சேர்ந்து தலையாட்டியிருக்கலாம். முதல் கோர்ட் என்றால் அவருக்கு உயிர். ஆனால் எழுந்து மனைவியிடம் மட்டையை நீட்டினார். "வா, என்னைச் சோதி."

அந்த அம்மாள் ஓங்கி அடிக்கவே இல்லை. வலையோரமாக ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம், அவ்வளவுதான். முதல் பந்துக்கு எடைக்கல் ஓடினார், அடுத்ததை நின்று பார்த்தார். ஆட்டம் முடிந்தது.

"எவ்வளவு?"

"ரெண்டரை."

"கொஞ்சம் பாத்துப் போடக் கூடாதா?" என்று தணிந்த குரலில் கேட்டார். எனக்கு அவர்மேல் முதல்முறையாக இரக்கம் வந்தது.

"அளவுகோல் எல்லாருக்கும் ஒண்ணுதாங்க" என்றார் மனைவி. சொல்லும்போது அவருக்கே கண் கலங்கிவிட்டது.

எடைக்கல் தண்ணீர் பாட்டிலையும் துண்டையும் எடுத்துக்கொண்டு குப்பைத் தொட்டிப் பக்கம் நடந்தார். பாதி வழியில் திரும்பினார்.

"டாக்டர், அடுத்தது நீங்க. இனிமே எல்லாரும் அம்மாகிட்டதான் ஆடணும்."

எனக்கு அவசரமாக ஒரு பல் பிடுங்க வேண்டியிருந்தது. அது ஒரு நாளைக்குத்தான் உதவியது. அந்த வாரக் கடைசியில் நாங்கள் எல்லோரும் குப்பைத் தொட்டியோரம் எடைக்கல்லுக்குப் பின்னால் வரிசையில் நின்றோம். முதல் கோர்ட்டின் நிழலில் அந்த அம்மாளும் பூனையும் மட்டும்.