ஐஸ்காரர் வீட்டுப் பனிப் பயணம்

தெருவில் அவரை ஐஸ்காரர் என்றுதான் சொல்வார்கள். ஆனால் வாழ்நாளில் ஒரு குச்சி ஐஸ்கூட அவர் விற்றதில்லை. லாரிகள் திரும்புகிற வளைவில், வெள்ளைத் தகரம் அடித்த ஒரு குளிர்கிடங்கில் வேலை. உறைந்த மீன், உறைந்த பட்டாணி, உறைந்த கோழி, பெட்டி பெட்டியாக ஐஸ்கிரீம். கூரையை முட்டும் இரும்பு அடுக்குகளில் இவற்றை ஏற்றுவதும் இறக்குவதுமாக அவருடைய இளமை போயே போய்விட்டது. நடுவயதும் கையை விட்டு நழுவிக்கொண்டிருந்தது.

உள்ளே யாரும் தனியாகப் போகக் கூடாது, இருவர் இருவராகத்தான் போக வேண்டும் என்பது கிடங்கின் சட்டம். குளிர் ஒரு கள்ளத்தனமான ஆசாமி. முதலில் கடிக்கும். பிறகு கடிப்பதை நிறுத்திவிடும். அப்பாடா, வலி போயிற்று என்று நினைக்கிறோமே, அங்கேதான் ஆபத்து. தன் மூக்கு வெளுத்துப் போவது தனக்குத் தெரியாது. கூட இருக்கிறவன்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஐஸ்காரருக்கு அப்படிக் கூட இருந்தவர் தொப்பி. இருபது வயதிலேயே மண்டை வழித்துவிட்டாற்போல ஆகிவிட, அன்றைக்கு மாட்டிய தொப்பியை அவர் அப்புறம் கழற்றவே இல்லை. "தூங்கும்போதாவது கழட்டுவாரா?" என்று தொப்பியின் மனைவியிடம் கிடங்கே கேட்டிருக்கிறது. ஆள் குள்ளம், வாய் நீளம். ஐஸ்காரர் ஒரு வார்த்தை பேசுவதற்குள் அவர் ஒன்பது பேசி, பத்தாவதற்கு அவரே சிரித்தும் விடுவார். இரண்டு பேரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

அந்தத் தொப்பி ஒரு விடுமுறை நாளில் வீட்டில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். மனைவியிடம் தேநீர் கேட்டார். தேநீர் வந்தபோது அவர் இல்லை. குளிரில் இத்தனை வருடம் தாக்குப்பிடித்த மனிதர், மின்விசிறிக் காற்றில் போய்ச் சேர்ந்தார்.

ஐஸ்காரர் போனார், தோள் கொடுத்தார், திரும்பி வந்தார். மறுநாள் காலை முதல் ஆளாகக் கிடங்கில் நின்றார்.

"ரெண்டு நாள் லீவு எடுத்துக்கங்களேன்" என்றார் மேலாளர்.

"எதுக்கு சார்?"

வீம்புக்குக் கேட்கவில்லை. உண்மையிலேயே எதற்கென்று அவருக்குப் புரியவில்லை. "திடமான மனுஷன்யா" என்று அவர் காதுபடவே பேசிக்கொண்டார்கள். புதிதாக ஒருவரைக் கூடச் சேர்த்துவிட்டார்கள். நல்ல மனிதர், வேலை தெரிந்தவர். சரக்கு ஏறியது, இறங்கியது.

வீட்டில்தான் கதை வேறு. அவருடைய மனைவி ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருப்பவர். வாய் வீங்கி வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, யாருக்கு எங்கே வலி என்று முகத்தை வைத்தே சொல்லிவிடுவார். கட்டிய கணவரின் முகத்தில் மட்டும் அவரால் எதையும் படிக்க முடியவில்லை. சாப்பாட்டில் உப்பு போட மறந்தாலும் தட்டு காலி. இரண்டு மடங்கு போட்டாலும் தட்டு காலி. ஒரே மகள் வேலை கிடைத்து வேறு நாட்டுக்குப் போய்விட்டிருந்தாள். அவள் போனில் கேட்டால் "நல்லா இருக்கேன்மா". மனைவி கேட்டால் "உன் இஷ்டம்". எதைக் கேட்டாலும் உன் இஷ்டம்தான்.

"எங்க டாக்டர் ஊசி போட்ட பல்லு மாதிரி ஆயிட்டீங்க" என்றார் மனைவி ஒருநாள். "தொட்டாத் தெரியுது. பிடுங்கினாத் தெரியாது."

"ம்" என்றார் ஐஸ்காரர்.

அந்த 'ம்'மில் இருந்துதான் பனிப் பயணம் கிளம்பியது.

பனி பார்க்க வேண்டும் என்பது மனைவிக்குக் கல்யாணமான புதிதிலிருந்து உள்ள ஆசை. இமயமலையில் ஏதோ ஒரு சரிவில் காலில் பட்டைகளைக் கட்டிக்கொண்டு மனிதர்கள் சறுக்கி இறங்குவதை எங்கோ படத்தில் பார்த்து, அது மனதில் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆசையைச் சொல்லும்போதெல்லாம் ஐஸ்காரர், "எங்க கிடங்குக்கு வா, வேணுங்கிற மட்டும் காட்டறேன்" என்பார். அப்போதெல்லாம் அது நல்ல நகைச்சுவை. பிறகு பழைய நகைச்சுவை. பிறகு அதைச் சொல்வதையும் அவர் நிறுத்திவிட்டார். இப்போது மனைவி ஒரே முடிவாக இருந்தார். தன் ஆசையும் தீர வேண்டும், இந்த மனிதரையும் ஒரு உலுக்கு உலுக்க வேண்டும்.

திட்டம் போட மனைவியின் தங்கை வந்தாள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். எதிரில் இருப்பவர் எந்த நேரமும் சுவரில் மோதப்போகிறார் என்பது போலத்தான் பேசுவாள்.

"மாமா, இங்க பாருங்க." செல்போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். "இதுதான் அறை. ஜன்னலைத் திறந்தா மலை. ஹீட்டர் இருக்கு. அந்தப் பக்கம் கயிற்றுக் கார். சறுக்கத் தெரியாதவங்களுக்குக் கீழ ஒரு சின்ன மேடு, அங்க கத்துக்கொடுப்பாங்க. நீங்க சறுக்குவீங்களா, இல்ல நின்னு வேடிக்கை பார்ப்பீங்களா?"

"எதுன்னாலும் சரி."

"சறுக்குறதுல எதுன்னாலும் சரி எப்படி மாமா? ஒண்ணு விழணும், இல்ல விழாம இருக்கணும்."

"விடுடி" என்றார் அக்கா. "என்னங்க, ஜனவரி கடைசியா, பிப்ரவரியா? ஜனவரின்னா பனி நிறைய இருக்குமாம், பாதை மூடினாலும் மூடும். பிப்ரவரின்னா வெயிலும் கொஞ்சம் அடிக்கும்."

"உன் இஷ்டம்."

"மலை பார்த்த அறையா, தேவதாரு மரம் பார்த்த அறையா?"

"உன் இஷ்டம்."

"உங்களை அங்கேயே விட்டுட்டு வந்துடவா?"

"உன் இஷ்..." என்றவர், கேள்வி காதில் விழுந்த பிறகு நிறுத்திக்கொண்டார். தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை.

அன்று தங்கை போன பிறகு மனைவி அவர் எதிரில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கத்தவில்லை. ஆஸ்பத்திரியில், அடுத்தது நீங்கள்தான் என்று சொல்லும் அதே குரலில் சொன்னார்.

"டிராவல்ஸ்காரர் சனிக்கிழமைக்குள்ள யார் யார் வர்றீங்கன்னு பேர் கேட்கிறார். எனக்கு உங்ககிட்ட இருந்து ஒரு வார்த்தை வேணும். வர்றேன்னு சொல்லுங்க. இல்ல, வரலைன்னு சொல்லுங்க. ரெண்டுல எதுவா இருந்தாலும் நான் தாங்கிப்பேன். உன் இஷ்டம்னு மட்டும் இன்னொரு தடவை சொல்லாதீங்க. அதைச் சொன்னா இந்த வீட்ல நான் ஒருத்திதான் இருக்கேன்னு அர்த்தம்."

ஐஸ்காரர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். உள்ளே போய்த் தேடினார். போகலாமா என்று கேட்டால் பதில் இல்லை. வேண்டாமா என்றாலும் பதில் இல்லை. கையுறை போட்ட கையால் சட்டைப்பையில் சில்லறையைத் துழாவுவது போல இருந்தது. ஏதோ இருக்கிறது, எது என்று தெரியவில்லை. மனைவி காத்திருந்துவிட்டு எழுந்து போனார்.

ஏதாவது செய்ய வேண்டும் என்பது மட்டும் அவருக்கு உறைத்தது. வாயில் வார்த்தை வராவிட்டால் என்ன, கை இருக்கிறதே. பனிக்குப் போகிறவளுக்கு என்ன வேண்டும்? நல்ல உடுப்பு வேண்டும். கடைகளில் விற்கிற பளபளப்பு மேலங்கிகளில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. அவை போட்டோவுக்குத்தான் லாயக்கு. வெள்ளிக்கிழமை கிடங்குப் பொருளறையில் கேட்டு, இரண்டு குளிர் உடுப்புகளை இரவலாக வாங்கி, பெரிய பைகளில் திணித்து, வீட்டுக்குச் சுமந்து வந்தார். ஒன்று அவருடையது. இன்னொன்று சின்ன அளவு.

மெத்தை போல் தைத்த, கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துண்டான நீல உடுப்பு. மார்பில் மின்னும் பட்டைகள். மனைவி வேலையிலிருந்து வந்ததும் அவர் அதை நீட்டினார்.

"என்னது இது?"

"உனக்குத்தான். போட்டுப் பாரு. மைனஸ் இருபதுலயும் ஒண்ணும் ஆகாது."

மனைவிக்கு ஒரு கணம் கண் கலங்கிவிட்டது. இத்தனை மாதத்தில் அவராக எடுத்துச் செய்த முதல் காரியம் அல்லவா? ரோஸ் நிற மேலங்கி ஒன்றை மனதுக்குள் எப்போதோ தேர்ந்தெடுத்து வைத்திருந்ததை அப்படியே விழுங்கிக்கொண்டார். சுடிதாருக்கு மேலேயே உடுப்பை இழுத்து மாட்டி, ஜிப்பைத் தாடை வரை ஏற்றினார். தைத்து வைத்தது போலப் பொருந்தியது.

"பாருங்களேன், விண்வெளிக்குப் போறவ மாதிரி இருக்கேன்" என்று சிரித்துக்கொண்டே, கண்ணாடி பார்க்கக் கூடத்திலிருந்து படுக்கையறைக்கு நடந்தார்.

ஐஸ்காரர் பின்னாலிருந்து பார்த்தார்.

குளிர் உடுப்பு மாட்டிவிட்டால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் தெரியாது. எல்லோரும் ஒரே நீலம், கண் மட்டும் வெளியே. அதனால் அவரவர் முதுகில் கறுப்பு மையால் பேரைப் பெரிதாக எழுதி வைத்துக்கொள்வார்கள். மனைவியின் முதுகில் 'தொப்பி' என்று இருந்தது. கடைசி எழுத்து கோணலாக. அதை எழுதிக்கொடுத்தது ஐஸ்காரரேதான். எழுதும்போது தொப்பி கிச்சுக்கிச்சு தாங்காமல் நெளிந்ததால் வந்த கோணல்.

அந்த முதுகு அவருக்கு முன்னால் நடந்தது. கதவருகே போனது. இருட்டான அறைக்குள் நுழைந்தது.

"நில்லு" என்றார்.

முதுகு நின்றது. திரும்பியது. மனைவியின் முகம்.

"ஏங்க?"

"கழட்டு."

"இப்பதானே போட்டேன்..."

"கழட்டுன்னா கழட்டு!"

பக்கத்து வீட்டில் ஏதோ ஒரு பேச்சு சட்டென்று நின்றது. அவ்வளவு சத்தம். மனைவி ஜிப்பை இறக்கி, உடுப்பை உருவி, திருப்பிப் பார்த்தார். படித்தார். அதைச் சோபாவில் வைத்த விதம், தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவது போல இருந்தது.

"இது அண்ணனோடதா?"

"சின்ன அளவு இது ஒண்ணுதான் இருந்துச்சு." ஐஸ்காரர் செருப்பு அலமாரி மேல் உட்கார்ந்துவிட்டார். அது உட்காரும் இடமில்லை. கிரீச்சென்றது. "பொருளறைக்காரன் கேட்டான், தொப்பியோடது இருக்கு, தரவான்னு. சரின்னேன். உனக்கு அளவு சரியா இருக்கும்னுதான் தோணுச்சு. வேற ஒண்ணுமே தோணலை. பஸ்ல மடியில வெச்சுக்கிட்டு வந்திருக்கேன். ஒண்ணுமே தோணலை."

மனைவி அவர் முகத்தைப் பார்த்தார். அழுவார் என்று எதிர்பார்த்தார். அழுகை வரவில்லை. கை மட்டும் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தது, குளிர் அறைக்கு வெளியே வந்த பிறகு ரத்தம் ஓடுவதற்காகத் தேய்ப்பார்களே அப்படி.

"நான் வரலை" என்றார் ஐஸ்காரர்.

"என்னது?"

"பனிக்கு. நான் வரலை. எனக்கு வேண்டாம். அங்க வந்து, எல்லாம் வெள்ளையா, முன்னால யாராவது நடந்து போவாங்க, நான் பின்னால போகணும். முடியாது என்னால. நீ தங்கச்சியைக் கூட்டிட்டுப் போ."

மனைவி கேட்டது கிடைத்துவிட்டது. ஒரு வார்த்தை கேட்டார், ஒரு பத்தியே வந்திருக்கிறது. தாங்கிக்கொள்வேன் என்று சொன்னவருக்கு இப்போது மூக்கு விடைத்தது.

"இத்தனை வருஷம் கழிச்சு ஒரு ஆசைப்பட்டேன். அதுலயும் இப்படியா?"

"நீதானே சொன்னே, ரெண்டுல ஒண்ணு சொல்லுன்னு."

"சொன்னா? வரலைன்னுதான் சொல்லணுமா?"

"பொய் சொல்லவா?"

"போன வாரமே இதைச் சொல்றதுக்கு என்ன? மலை பார்த்த அறையா மரம் பார்த்த அறையான்னு நான் பைத்தியக்காரி மாதிரி கேட்டுக்கிட்டு..."

"போன வாரம் எனக்குத் தெரியலை!"

இரண்டு பேரும் மூச்சு வாங்கினார்கள். இந்த வீட்டில் இப்படி ஒரு சண்டை நடந்து எவ்வளவு நாளாயிற்று என்று இரண்டு பேருக்குமே ஒரே நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் யாரும் அதைச் சொல்லவில்லை. சொன்னால் சண்டை கெட்டுவிடும். மனைவி சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களைத் தேவைக்கு அதிகமான சத்தத்தோடு கழுவினார். அவர் சோபாவில் உடுப்புக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தொடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை மனைவி டிராவல்ஸ்காரருக்குப் போன் செய்தார். ஐஸ்காரர் அதே சோபாவில், சரியாகத் தூங்காத முகத்தோடு, ஆறிக்கொண்டிருக்கும் தேநீரைப் பிடித்தபடி இருந்தார்.

"ஆமா சார், ரெண்டு பேர்தான். ஆனா ஆள் மாறுது. என் வீட்டுக்காரர் வரலை, என் தங்கச்சி வர்றா... இல்ல இல்ல, உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு." கணவரைத் திரும்பிப் பார்த்தார். "அவருக்குக் குளிர் பிடிக்காதாம் சார். நேத்துதான் சொன்னார்."

மறுமுனையில் ஏதோ ஆறுதல் சொன்னார்கள் போல. மனைவி "ம், ம்" என்று கேட்டுக்கொண்டே வந்து, அவர் கையிலிருந்த தேநீரை வாங்கி, ஒரு வாய் குடித்துப் பார்த்து, முகத்தைச் சுளித்து, சுடவைக்க எடுத்துக்கொண்டு போனார்.

"சர்க்கரை கம்மி" என்றார் ஐஸ்காரர் பின்னாலிருந்து.