மூன்று முறை முழுகியவரின் கால்கள்

இதை வாசிக்கிற விசுவாசிகள் எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஒரு கோடை முழுவதும் என் கணவர் எங்கள் பக்கத்துக் கிணறுகளை எட்டிப் பார்த்துக்கொண்டே அலைந்தார். தண்ணீர் தேடுகிறார் என்று ஊர் நினைத்தது. தண்ணீர்தான் தேடினார், ஆனால் குடிக்க அல்ல. ஓர் ஆள் முழுகுகிற அளவுக்குத் தண்ணீர் எங்காவது கிடக்கிறதா என்று பார்த்தார். நான்காவது முறையாக ஞானஸ்நானம் எடுக்க வேண்டுமாம்.

சிரிப்பு வருகிறதா? நானும் முதலில் சிரித்தவள்தான். அப்புறம் அழுதேன்.

எங்களுக்கு எப்போதும்வென்றான் என்கிற ஊர்ப் பக்கம். அவர் பம்புசெட் மெக்கானிக். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. கோபம் மட்டும் மூக்கு நுனியில் இருக்கும். தொண்ணூறுகளின் கடைசியில் அவர் ரட்சிக்கப்பட்டார். அந்த ஐப்பசியில் நல்ல மழை. நிறைந்து கிடந்த ஊர்க் கண்மாயில் எங்கள் பாஸ்டர் ஐயா அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். தண்ணீரிலிருந்து எழுந்து நின்றவரின் முகத்தைக் கரையிலிருந்து பார்த்தேன். எங்கள் கல்யாணத்தன்றுகூட அவர் முகம் அப்படி இருந்ததில்லை.

கொஞ்ச நாள் பச்சைப்பிள்ளை மாதிரி இருந்தார். பிறகு ஒரு நாள் பக்கத்துக் காட்டுக்காரரைக் காது கொடுத்துக் கேட்க முடியாத வார்த்தையில் திட்டிவிட்டார். வீட்டுக்கு வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. எடுத்த ஞானஸ்நானம் போய்விட்டது என்றே நினைத்துவிட்டார். யாரிடமும் சொல்லாமல் கயத்தாறு பக்கம் வேறொரு சபைக்குப் போய், ஒரு தோட்டத்துக் கிணற்றில் மறுபடி எடுத்துக்கொண்டார். அதற்கடுத்த கோபத்துக்குத் தூத்துக்குடிக் கடல். ஈரத் துண்டோடு பஸ்ஸில் வந்து இறங்கியவரைப் பார்த்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"இந்தத் தடவை உப்புத் தண்ணியா? கருவாடு மாதிரி கெடாம இருப்பியளா?"

"ஏட்டி, கேலி பண்ணாத. முன்னால செஞ்சதெல்லாம் அறியாமச் செஞ்சது. அது கழுவிப் போச்சு. ரட்சிக்கப்பட்ட பெறவு செய்யுதது தெரிஞ்சு செய்யுதது. அதை எங்க போய்க் கழுவ?"

உங்களில் எத்தனை பேருக்கு இதற்குப் பதில் தெரியும்?

அப்புறம் மழை பொய்த்த வருஷங்கள் வந்தன. இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. குடிக்கிற தண்ணீர் லாரியில் வந்தது. கிணறுகளில் தண்ணீர் இறங்க இறங்க மோட்டாரையும் கீழே இறக்க வேண்டும். அதனால் அவருக்கு மட்டும் ஓயாத வேலை. கூடமாட உதவிக்கு என் கொழுந்தன் செல்வராஜ் போவான். அண்ணன் என்றால் அவனுக்கு உயிர். ஒரு நாள் மோட்டாரை இறக்கும்போது செல்வராஜ் பிடித்திருந்த கயிறு நழுவிவிட்டது. மோட்டார் அடியில் போய் மோதி நொறுங்கியது. இவர் அவனை ஓங்கித் தள்ளினார். அவன் கிணற்றுமேட்டுக் கல்லில் போய் விழுந்தான். வலது மணிக்கட்டு முறிந்தது.

தம்பி கையில் மாவுக்கட்டைப் பார்த்த நிமிஷத்திலிருந்து என் கணவர் என் கணவராக இல்லை. தம்பி இருக்கிற தெருவில்கூட நடக்க மாட்டார். பாஸ்டர் ஐயாவிடம் போய், எனக்கு இன்னொரு தடவை ஞானஸ்நானம் கொடுங்கள் என்று கேட்டார். "ஒரு தடவை எடுத்தாச்சுல்லா பிரதர், மனஸ்தாபப்பட்டு ஜெபம் பண்ணுங்க" என்றார் ஐயா. இவருக்கு அது காதில் ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சபைக்கு வருவார், உள்ளே வர மாட்டார். வெளியே வேப்பமரத்தடியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பார். ஒரு வாய் சோற்றுக்கு மேல் இறங்காது.

அந்தக் கோடை ஒரு நீண்ட மத்தியானத் தூக்கம் போலத்தான் எனக்கு நினைவில் இருக்கிறது. கரிசல் காட்டின் மேல் கானல் எழும்பி எழும்பி அசையும். அதற்குள் ஒரு மனுஷர் மிதக்கிற மாதிரி நடந்து போவார், கால் தரையில் படுகிறதா என்றே தெரியாது. ஒரு கிணற்றடியில் நிற்பார், எட்டிப் பார்ப்பார். அடுத்த கிணற்றுக்கு நடப்பார். அவர்தான் என்று தெரிந்தும், யாரோ என்பது போலப் பார்த்துக்கொண்டே நிற்பேன்.

மழைக்காக ஜெபித்தேன். ஒரு கண்மாய் நிறையக் கேட்கவில்லை ஆண்டவரே, ஒரு ஆள் முழுகுகிற அளவு கொடும் என்று பேரம் பேசினேன். என் கணவர் முழுகிவிட்டு வந்து முன்போல் என்னோடு சண்டை போட்டால் போதும் என்று இருந்தது.

ஒரு மத்தியானம் முழங்காலில் இருந்தபடியே கண் அசந்துவிட்டேன். கனவில் கண்மாய் நிறைந்திருந்தது. அலை இல்லை, சத்தம் இல்லை. அவர் வேட்டியோடு உள்ளே இறங்கிப் போகிறார். இடுப்பு, மார்பு, கழுத்து என்று தண்ணீர் ஏறுகிறது. நான் கரையில் நின்று கூப்பிடுகிறேன், குரல் வரவில்லை. தலை மறைந்தது. தண்ணீர் மூடிக்கொண்டது. அவர் எழும்பவே இல்லை.

விழித்துக்கொண்டேன். இத்தனை நாளும் அவர் கிணறுகளை எட்டிப் பார்த்தது முழுகி எழவா, எழாமலே போய்விடவா என்று அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. "மழை வேண்டாம் ஆண்டவரே, என் புருஷன் வேணும். நீர் அவியள மன்னிச்சிட்டீர்னு அவியளுக்கு நீரே தெரிய வையும், நான் சொன்னா அவிய கேக்க மாட்டாவ" என்று கதறினேன். அதற்கு மேல் எனக்கு ஜெபிக்கத் தெரியவில்லை.

அந்த வார ஞாயிறு திருவிருந்து ஆராதனை, அப்பமும் திராட்சரசமும் எடுக்கிற நாள். எங்கள் சபையில் திருவிருந்துக்கு முன்னால் ஒருவர் காலை ஒருவர் கழுவுவோம். ஆண்களுக்கு ஆண்கள், பெண்களுக்குப் பெண்கள். தண்ணீர்க் கஷ்டத்தால் பல மாதமாக அது நின்றுபோயிருந்தது. அன்றைக்குப் பாஸ்டர் ஐயா என்ன நினைத்தாரோ, "ஒரு குடம் இருக்கு, ஆளுக்கு ஒரு கை ஊத்தினாப் போதும்" என்றார். ஆண்டவர் சீஷர்களின் கால்களைக் கழுவிய பகுதியை வாசித்தார். ஒரு சீஷர் கையையும் தலையையும் சேர்த்துக் கழுவச் சொல்கிறார். குளித்தவனுக்குக் காலைக் கழுவினால் போதும் என்று ஆண்டவர் சொல்லிவிடுகிறார்.

செல்வராஜ் எழுந்தான். இடது கையால் ஒரு சொம்புத் தண்ணீரை மொண்டான். வெளியே நடந்தான். நானும் பின்னாலேயே ஓடினேன்.

வேப்பமரத்தடியில் அண்ணன் முன்னால் குந்தி உட்கார்ந்தான். "அண்ணே, காலை நீட்டு."

அவர் காலை இழுத்துக்கொண்டார். "எலே, தொடாத. நான் முழுசா முழுகணும்லே."

"முழுகினதெல்லாம் போதும். முழுகிட்டுத்தான அண்ணே இம்புட்டு தூரம் நடந்து வந்திருக்க. கால்லதான் கரிசல் ஒட்டியிருக்கு. நீட்டு."

செல்வராஜ் அவர் காலைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துவிட்டான். ஆனால் ஒரு கையால் தண்ணீரும் ஊற்றிக் காலும் தேய்க்க முடியாதே! நான் ஊற்றப் போனேன். அவன் தலையை ஆட்டி என்னைத் தடுத்தான்.

"வேண்டாம் மதினி. அண்ணன் ஊத்தட்டும்."

சொம்பை அவர் கையில் கொடுத்தான். அவர் சொம்பையும் மாவுக்கட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஊற்றினார். பாதித் தண்ணீர் மாவுக்கட்டின் மேல் சிந்தியது. தம்பி ஒற்றைக் கையால் விரல் விரலாகத் தேய்த்துக் கழுவினான். கறுப்பாகத் தண்ணீர் வழிந்து மண்ணுக்குள் போனது. உள்ளே பாடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாட்டு எங்கோ ரொம்ப தூரத்தில் கேட்பது போல இருந்தது.

"கை வலிக்குதாலே?" என்று கேட்டார் அவர். அத்தனை நாளில் தம்பியின் கையைப் பற்றிக் கேட்ட முதல் வார்த்தை.

"ராத்திரி மட்டும் வலிக்கும்."

அவ்வளவுதான். அந்த முரட்டு மனுஷர் தம்பியின் தோளில் முகத்தை வைத்து ஏங்கி ஏங்கி அழுதார். தப்புப் பண்ணிட்டேன்லே, தப்புப் பண்ணிட்டேன்லே என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. பிறகு ஈரக் காலோடு உள்ளே வந்தார். அப்பத்தட்டு அவர் முன்னால் வந்தது. எடுத்தார். சாப்பிட்டார்.

அன்று மத்தியானம் வீட்டில், "குழம்புல உப்பு இல்லியே?" என்று சத்தம் போட்டார். நான் அடுப்படியில் நின்று ஸ்தோத்திரம் சொன்னேன். உப்பில்லாததற்கு ஸ்தோத்திரம் சொன்ன ஒரே பெண் நானாகத்தான் இருப்பேன்.

சபையில் ஒரு அக்கா என்னிடம் கேட்டார்கள்: "அப்ப என்ன வேணும்னாலும் செஞ்சிட்டு மன்னிப்புக் கேட்டுக்கிடலாமா?" எனக்குக் கோபம்தான் வந்தது. செல்வராஜின் மணிக்கட்டு கொஞ்சம் கோணலாகத்தான் கூடியது. துணி பிழிய வராது. அதைத் தினமும் பார்க்கிற மனுஷருக்கு அப்படி ஒரு கேள்வி வராது அக்கா என்று சொன்னேன். மன்னிப்புக் கிடைத்த பிறகுதான் அவர் பாவத்துக்கு உண்மையாகவே பயப்பட ஆரம்பித்தார். அதற்கு முன்னால் நரகத்துக்குத்தான் பயந்தார். இன்றைக்கும் அவருக்குக் கோபம் வரும். ஆனால் பொழுது சாய்வதற்குள், யாரைத் திட்டினாரோ அந்த ஆள் வீட்டு வாசலில் போய் நிற்பார். நானே எத்தனை தடவை கூடப் போயிருக்கிறேன்.

உங்களுக்குள்ளேயும் அப்படிச் சிலர் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். அப்பத்தட்டு வரும்போது எடுக்காமல் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளிவிடுகிறீர்கள். விசுவாசியான பிறகு விழுந்துவிட்டேனே, இனி எந்த முகத்தோடு போவேன் என்று கூனிக் கிடக்கிறீர்கள். நீங்கள் யாருக்குத் தவறு செய்தீர்களோ அவரிடம் போங்கள். ஆண்டவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். உங்களைத் தம் பிள்ளை என்று சொன்னவர், விழுந்த அன்றைக்கு அந்தப் பேச்சை மாற்றுகிறவர் அல்ல. இந்த ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். வெளியே உட்காராதீர்கள், உள்ளே வந்து என் பக்கத்தில் உட்காருங்கள். தட்டை நானே உங்களிடம் நீட்டுகிறேன்.