ஓட்டில்லாத பாஸ்டர்

வெங்கடேஸ்வரன் பாஸ்டருக்கு எங்கள் சபையில் ஓட்டு கிடையாது. பதினேழு வருஷமாக எங்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார், கல்யாணம் நடத்துகிறார், செத்தால் அடக்கம் பண்ணுகிறார். ஆனால் அவர் இங்கே அங்கத்தினர் இல்லை. பிரஸ்பிடேரியன் சட்டம் அப்படி. பல சபைகளின் பாஸ்டர்களும் மூப்பர்களும் கூடுகிற பிரஸ்பிடெரி என்ற மேல்சங்கத்தைச் சேர்ந்தவர் அவர். அவர் மனைவி சுபாஷிணி எங்கள் அங்கத்தினர். அவளுக்கு ஓட்டு உண்டு. கொச்சியில், எங்கள் மட்டாஞ்சேரியில் யாரிடம் இதைச் சொன்னாலும் சிரிப்பார்கள். போன பிப்ரவரி வரைக்கும் நானும் சிரித்தவன்தான்.

என் பெயர் ஜெபமணி. சபையின் மூப்பர்களில் ஒருவன், கூட்டக் குறிப்பு எழுதுகிறவன். அதனால் என் பேச்சில் கொஞ்சம் குறிப்பேட்டு வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாலக்காட்டிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் பாஸ்டர். முதலில் மிளகுக் கிடங்கில் சரக்கின் தரம் பார்க்கும் வேலை. ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் உருட்டினாலே எவ்வளவு ஈரம் என்று சொல்லிவிடுவாராம். முப்பத்தோராவது வயதில் ஞானஸ்நானம் எடுத்தார். அன்றைய மூப்பர்கள் அவருக்கு ஸ்தேவான் என்று ஒரு புதுப் பெயரைத் தயாராக வைத்திருந்தார்கள். இவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அப்பா என்கிட்ட பேசறதை நிறுத்திட்டார். என்னைக்காவது கூப்பிடணும்னு தோணினா, அவருக்குத் தெரிஞ்ச பேர் இருக்கட்டும்" என்றார். அப்பா கடைசிவரை கூப்பிடவே இல்லை.

அவர் பிரசங்கம் பன்னிரண்டு நிமிஷம். அதில் நாலு நிமிஷம் கண்ணாடி துடைப்பதில் போய்விடும். அவர் ஊழியமெல்லாம் அடுக்களையில்தான். வாரத்தில் மூன்று நாள், சுள்ளிக்கல்லில் தொடங்கி இடக்கொச்சி வரைக்கும், பஸ்ஸும் நடையுமாக வீடு வீடாகப் போவார். நாற்காலி போட்டால் உட்கார மாட்டார். நேரே அடுக்களைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஒரு சாயா வாங்கிக் குடித்துக்கொண்டு சும்மா இருப்பார். ஒன்றும் கேட்க மாட்டார். அந்த மௌனம் பொல்லாதது. ஐந்து நிமிஷம் போனால், யாரிடமும் சொல்லக்கூடாது என்று வைத்திருந்ததையெல்லாம் நாமே கொட்டிவிடுவோம். என் மகன் ஏன் என்னோடு பேசுவதில்லை என்பது இந்தக் கொச்சியில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். சாவு வீட்டில் "தேவசித்தம்" என்ற வார்த்தை அவர் வாயில் வராது. பேசாமல் போய்க் குவிந்து கிடக்கும் பாத்திரத்தைக் கழுவிக் கொடுப்பார். இப்படி எல்லா வீட்டுச் சங்கதியும் அவரிடம் இருக்கிறது. எங்களால் அவரை விட முடியாததற்குக் காரணமும் அதுதான். நாங்கள் அதை அன்பு என்று சொல்லிக்கொள்கிறோம்.

சபை கொடுத்த வீடு கால்வாய் ஓரத்தில் இருக்கிறது. சில வருஷமாக, மார்கழி தையில் கடல் பொங்குகிற வேலியேற்றம் வந்தால் உப்புத் தண்ணீர் வாசலைத் தாண்டி அடுக்களைக்குள்ளேயே ஏறிவிடுகிறது. கேஸ் சிலிண்டரைச் செங்கல் அடுக்கி மேலே வைத்திருக்கிறார்கள். சுபாஷிணிக்கு வீசிங். அந்த ஜனவரியில் மட்டும் இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். வீட்டை மாற்றுங்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வாடகைக்கு வேறு வீடு பார்ப்பதைப் பற்றி மூப்பர்கள் மூன்று கூட்டத்தில் பேசினோம்; மூன்றிலும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளினோம். குறிப்பேட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது, வெட்கக்கேடு.

அப்போதுதான் பாலக்காட்டுச் சபையிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. மாடி வீடு, காய்ந்த காற்று. ஆனால் எங்கள் பாஸ்டர்கள் நினைத்தவுடன் கிளம்ப முடியாது. சபை கூடி ஓட்டுப் போட்டு விடுவிக்க வேண்டும். மறுத்துவிட்டால் ஒரு வருஷத்துக்கு அந்தப் பேச்சை எடுக்கக்கூடாது.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கூடினோம். தலைமை தாங்க, தேவராவிலிருந்து அனில் பாஸ்டர் வந்திருந்தார். எங்கள் பாஸ்டர் முறைப்படி எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார்.

முதலில் எழுந்தது அம்மு டீச்சர். "எனக்கு எழுபத்தாறாச்சு. ஐயா போனா என்னை ஆரு அடக்கம் பண்ணுவா? என் கதையெல்லாம் அறியற ஆள்தான் வேணும், கேட்டோ" என்றார். நாலைந்து பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். ஒருத்தி சுபாஷிணியின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களை விட்டுட்டு நாங்க எங்ஙன இருப்போம் சேச்சி" என்றாள். சுபாஷிணி சிரித்தாள். சிரிக்கும்போதே அவளுக்கு மூச்சு இரைத்தது. அது எல்லோருக்கும் கேட்டது.

சீட்டில் "போகட்டும்" அல்லது "வேண்டாம்" என்று எழுத வேண்டும். நான் "வேண்டாம்" என்று எழுதினேன். எதற்கு மறைப்பது? இரக்கமுள்ள பத்துப் பேராவது "போகட்டும்" என்று எழுதுவார்கள், சுபாஷிணி கட்டாயம் எழுதுவாள், என் ஒரு சீட்டால் என்ன ஆகிவிடும் என்று எனக்கு ஒரு தைரியம்.

மொத்தம் இருபத்தொன்பது சீட்டு. நான்தான் பிரித்தேன். பிரிக்கப் பிரிக்க, வேண்டாம், வேண்டாம். கடைசிச் சீட்டும் அதேதான். ஜனங்கள் கைதட்டினார்கள். "இத்தனை ஸ்நேகமுள்ள சபையை நான் வேற எங்கயும் கண்டதில்ல" என்றார் அனில் பாஸ்டர். உள்ளே வந்த எங்கள் பாஸ்டர் எண்ணிக்கையைக் கேட்டதும் மனைவியைத்தான் பார்த்தார். அவள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் குறிப்பில் ஒரு தேதி சரிபார்ப்பதற்காக அவர்கள் வீட்டுக்குப் போனேன். இருவரும் அடுக்களையில் இருந்தார்கள். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே ஸ்டூலில் அவர், ஒன்றும் பேசாமல். நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

திடீரென்று கீரையைக் கீழே போட்டாள். "ஊர்க்காரங்க முன்னால உட்கார்ற மாதிரி என் முன்னால உட்காராதீங்க! கேக்கணும்னா வாயைத் திறந்து கேளுங்க."

அவர் கேட்கவில்லை. அவளே சொன்னாள். "ஒரே ஒரு சீட்டு 'போகட்டும்'னு வந்திருந்தா, அது ஆருடையதுன்னு தேட வேண்டாம். தோத்துப்போற ஓட்டையும் போட்டுட்டு, அப்புறம் இவங்க முகத்துல நான் எப்படி முழிக்கிறது? இங்கதானே கிடக்கணும்."

இருபத்தொன்பது பேரில் இன்னும் எத்தனை பேர் அப்படிப் பயந்தார்களோ. வாசற்படியிலிருந்தே, "வேற ஆராவது எழுதுவாங்கன்னு நெனச்சேம்மா" என்றேன்.

அவள் என்னைக் கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. இன்ஹேலரை எடுத்து இரண்டு தடவை இழுத்துக்கொண்டாள்.

"நானும் அதைத்தான் நெனச்சேன் அண்ணா" என்றாள்.